கண்டோர் நகையும் காதலர் ஒப்பும்

நகைச்சுவைக் காதல் நாவலை ஒழுக்கவியல் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வோர் நம்மிடையே அரியர். எவ்வகையிலும் ஒருவருக்கொருவர் பொருந்தார் எனத் தோன்றும் ஆணையும் பெண்ணையும் ஆசிரியர் முதல் அத்தியாயத்தில் மோதவிடுவார். இடையில் சில ஆள்மாறாட்டங்களும் தவறிப்போன கடிதங்களும் வரும். இறுதி அத்தியாயத்தில் பந்தல் போடப்படும். படித்து முடித்தவர் நூலை மூடிவைத்துவிட்டு உறங்கச் செல்வார். இதில் ஆராய்வதற்கு யாது உளது என்பதே கற்றோர் பலரின் எண்ணம். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு வினா. அதனை எழுப்பியவர் பேராசிரியர் அல்லர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படியாத ஒரு நெசவுப் பெண்.

எங்கள் ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியில், கடலோரமாக அமைந்த நெசவாளர் ஊர். தறிகளின் ஓசை இன்று முன்போல் இல்லையெனினும், என் சிறு பராயத்தில் அது தொழுகைக்கு அழைக்கும் ஓசைக்கு அடுத்தபடியாக நாளெல்லாம் கேட்கும் ஓசையாக இருந்தது. எங்கள் உம்மம்மாவின் வளவில் இரண்டு தறிகள் இருந்தன. பிற்பகல் வேளைகளில் அயல்வீட்டுப் பெண்கள் நூல் சுற்றுவதற்காக அங்குக் கூடுவர். படிக்கத் தெரிந்த சிறுவன் என்பதால், அவர்களுக்குக் கதைப்புத்தகம் வாசிக்கும் பணி எனக்கு வாய்த்தது. அட்டையும் முதற் பக்கங்களும் போய்விட்ட பழைய நாவல் ஒன்றை ஒருமுறை வாசித்தேன். அதன் ஆசிரியர் யாரென இன்றும் அறியேன். கதாநாயகன் மிகக் குள்ளமான எழுதுவினைஞன். கதாநாயகி நெடிய உருவினளான ஆசிரியை. இருவரும் சேர்ந்து பேருந்துக்காகக் காத்துநிற்கும் இடத்தில் வழிப்போக்கர்கள் அவர்களைப் பார்த்துச் செய்யும் கேலியை ஆசிரியர் இரண்டு பக்கங்களுக்கு விரித்திருந்தார். வளவு முழுவதும் சிரித்தது. அங்கிருந்தவர்களுள் ஒரு ராத்தாவுக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. கல்யாணப் பேச்சுகள் பல வந்து வந்து திரும்பியிருந்தன. அவரும் சிரித்தார். பின்பு நூலை நிறுத்திவிட்டு, “அந்தப் புள்ளயும் சிரிக்குதா மகன்?” என்று கேட்டார்.

யான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கதாநாயகி சிரித்தாளா இல்லையா என்பதை ஆசிரியர் எழுதியிருக்கவில்லை.

பொருந்தாத இணையைக் கண்டு நகைப்பது அறமா என்னும் வினாவை மேனாட்டார் நூல்களிலிருந்து தொடங்கவேண்டிய தேவை இல்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் இவ்வினாவின் இரு முனைகளையும் ஓரியலிலேயே வைத்திருக்கிறது. நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினை அது கூறும். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே இருத்தற்குரிய ஒப்பினைப் பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு எனப் பத்தாக வகுப்பதும் அவ்வியலே. இப்பத்தினையும் ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். பிறப்பு, குடி, வயது, உருவம், செல்வம் ஆகியவற்றை அயலார் அளந்துவிடலாம். அதற்குத் திண்ணையில் அமர்ந்திருந்தாலே போதும். அருளையும் உணர்வையும் நிறையையும் அவ்விருவரன்றிப் பிறர் அளத்தல் அரிது. நகைச்சுவைக் காதல் நாவல் முழுவதும் இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே உள்ள வெளியிலேதான் நடைபெறுகிறது. அயலார் முதல் தொகுதியைக் கணக்கிட்டுச் சிரிக்கின்றனர். காதலர் இரண்டாவது தொகுதியைத் தட்டுத்தடுமாறிக் கண்டுகொள்கின்றனர்.

தொல்காப்பியர் ஒரு விலக்கும் தருகிறார். தலைவன் தலைவியினும் மிக்கவனாக இருத்தல் குற்றமன்று என்பது களவியல். தலைவி மிக்கவளாதலைப் பற்றி அங்குப் பேச்சில்லை. இன்றும் உலகில் வெளிவரும் இவ்வகை நாவல்களுள் பெரும்பாலானவை, பேசப்படாத அந்த இடத்திலிருந்தே தம் நகைச்சுவையைப் பெறுகின்றன என்பது என் கருத்து. ஆண் உயர்ந்து பெண் தாழ்ந்தால் அது காவியம். பெண் உயர்ந்து ஆண் தாழ்ந்தால் அது கேலி. கணவரினும் வயதிலும் பொருளிலும் மிக்கவரும், அவரை வணிகத்துக்கு அமர்த்தியவருமான கதீஜா நாயகியின் வரலாற்றை வாழ்வின் முன்மாதிரியாகப் போற்றும் எங்கள் சமூகத்திலும் இந்நிலை மாறவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொருத்தத்தை அளக்கும் கோல்கள் எங்கள் கரையில் பல. அவற்றுள் முதலாவது குடி. கிழக்கிலங்கையில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் குடி தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் மணம் கொள்ளுதல் வழக்கன்று. அடுத்தது வீடு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பின்னரே கல்யாணம் பேசவேண்டும் என்பதால், தங்கையின் வீட்டுக்குக் கல்லும் ஓடும் சேர்ப்பதற்காகத் தன் மணத்தைத் தள்ளிப்போடும் தமையன்மார் எத்தனையோ பேர். மூன்றாவது கைக்கூலி. இதனை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்பது அதன் வரைவிலக்கணம். இத்தனைக்கும் மேலே உயரம், நிறம், படிப்பு, அரசாங்க உத்தியோகம்.

மார்க்கச் சட்ட நூல்களும் ஒப்பினைப் பேசுகின்றன. அதற்குக் கபாஅத் என்பது பெயர். இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலார் பின்பற்றும் ஷாபிஈ வழியில் பெருமதிப்புப் பெற்ற இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’, தொழில்களை அடுக்கிக் காட்டும். கூட்டுபவனும் மந்தை மேய்ப்பவனும் தையற்காரனின் மகளுக்கு ஒப்பாகார்; தையற்காரன் வணிகனின் மகளுக்கு ஒப்பாகான்; வணிகனும் அறிஞரின் மகளுக்கு ஒப்பாகான். ஹனபி வழியின் புகழ்பெற்ற நூலாகிய ‘ஹிதாயா’, இழிந்த தொழிலுக்கு எடுத்துக்காட்டாக நெசவாளனையும் குறிப்பிடும் ஒரு கருத்தைப் பதிவு செய்கிறது. இதனை முதன்முதல் படித்தபோது யான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கருத்தின்படி எங்கள் ஊர் முழுவதும் ஊருக்கு வெளியே பெண் கேட்டுப்போகவே இயலாது! ஆயினும் அச்சட்ட அறிஞர்க்கு நாம் நீதி செய்தல் வேண்டும். பெண்ணும் அவளுடைய வலீயும் விரும்பி இசைந்தால் இவ்வொப்பினை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் ஷாபிஈ நூல்களில் உள்ள முடிபே. இமாம் மாலிக் மார்க்கப் பற்றினையே ஒப்பின் அடிப்படையாகக் கொண்டார் என்பர். அஃதாவது, கபாஅத் என்பது பெண்ணைத் தகாத இடத்தில் தள்ளிவிடாதிருக்க அமைத்த ஒரு வேலி. வேலியை நட்டவர்கள் படலையையும் வைத்தே நட்டனர். நாமோ காலப்போக்கில் படலையைப் பூட்டிவிட்டோம்.

இனி, பொருந்தாமை என்பது பார்ப்போர் கண்ணைப் பொறுத்தது என்பதற்கு எங்கள் ஊரே நல்ல சான்று. தமிழகத்து நகைச்சுவைத் துணுக்குகளில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்பவன் நிலைபெற்ற கோமாளி. மாமனார் வீட்டில் உண்டு உறங்கி மாமியாருக்கு அஞ்சி நடுங்குவான். வார இதழ்கள் பலவற்றில் அவனைப் பற்றிய கேலிச்சித்திரங்களை யான் பார்த்ததுண்டு. அவற்றை வளவில் வாசித்துக் காட்டியபோது எவரும் சிரிக்கவில்லை. ‘இதில் என்ன பகிடி?’ என்பதுபோல் பார்த்தனர். மருதமுனையில் மணமுடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குப் போவதே முறை. உம்மம்மாவின் கணவர் அப்படித்தான் வந்தார், என் வாப்பாவும் அப்படித்தான் வந்தார். அறுநூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில், ஒரே மொழி பேசும் இரு மக்களிடையே, ஒருவர்க்கு விலாவெடிக்கும் நகைச்சுவை மற்றவர்க்கு அன்றாட வாழ்க்கை. ஆகவே இன்ன இணை நகைப்புக்குரியது என்னும் தீர்ப்பை எழுதுவது நம் வளர்ப்பே. இதனை உணராத நாவலாசிரியர், தம் ஊரின் பழக்கத்தை உலகின் இயற்கை என மயங்கி எழுதுகிறார்.

எல்லா நகையும் எள்ளல் அன்று என்பதையும் மறத்தலாகாது. ஆனந்த விகடனில் எழுதிய தேவனின் (1913–1957) துப்பறியும் சாம்புவை நினைத்துக்கொள்வோம். ஊரார் அவனை அசடு என்றே எண்ணுவர். அவன் செய்யும் பிழைகளோ தற்செயலாக வெற்றியில் முடியும். அவனைக் கண்டு நாம் சிரிப்பது பேதைமை பற்றிய நகை. பிழை எவர்க்கும் நேரக்கூடியது. நாளை நமக்கும் நேரும். அதனால் அச்சிரிப்பில் நாம் அவனோடு ஒரே பாயில் அமர்ந்திருக்கிறோம். உடலின் குறையையும் குடியின் தாழ்வையும் பற்றிய எள்ளலில் அப்படி இல்லை. அங்குச் சிரிப்பவன் மேட்டில் நிற்கிறான்.

இதற்கு நாவலாசிரியர் கண்ட எளிய தப்புவழி ஒன்று உண்டு. பொருந்தாத இணையை முந்நூறு பக்கங்கள் கேலி செய்துவிட்டு, முடிவில் அவர்கள் பொருந்திய இணையே என்று காட்டிவிடுவது. ஏழை எனக் கருதப்பட்டவன் செல்வரின் மகன். வேலைக்காரி எனக் கருதப்பட்டவள் சிறு வயதில் காணாமற்போன சீமாட்டி. இம்மரபு மிகப் பழையது. நம் நாட்டுத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் சித்தி லெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885) கூட, உயர்குடியிற் பிறந்து கடத்தப்பட்ட ஒரு பிள்ளையின் கதைதான். அது நகைச்சுவை நாவல் அன்று. வீரசாகசக் கதைக்கு அவ்வமைப்பு ஏற்றதே. ஆனால் நகைச்சுவைக் காதல் நாவலில் இதனைக் கையாளும்போது, ஆசிரியர் தாம் எழுப்பிய வினாவினின்று ஓடிவிடுகிறார். ‘குலம் வேறாயினும் சேரலாமா?’ என்று கேட்டுவிட்டு, ‘குலம் வேறன்று’ என விடை சொல்வது விடையாகுமா? வளவில் நூல் சுற்றும் பெண்ணுக்கு எவரும் வந்து ‘நீ உண்மையில் நவாபின் மகள்’ எனச் சொல்லப்போவதில்லை. கால் சூம்பிய ராத்தாவின் கால், கடைசி அத்தியாயத்தில் நீளப்போவதும் இல்லை.

ஜேன் ஆஸ்டின் இவ்விடத்தில் ஓடவில்லை என்பதாலேயே 1813இல் வெளிவந்த அவருடைய ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ இன்றும் புதிதாக உள்ளது. செல்வர் டார்சி முதன்முறை தம் காதலை உரைக்கும்போது, எலிசபெத்தின் குடும்பத் தாழ்வை விரிவாக எடுத்துக்காட்டி, அதனையும் மீறித் தாம் விரும்புவதாகக் கூறுகிறார். தம் அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டே பெண் கேட்கும் இக்காட்சிக்கு நிகரான கல்யாணப் பேச்சுகளை எங்கள் ஊர் விறாந்தைகளில் யான் கேட்டிருக்கிறேன். டார்சியின் ஆங்கிலம் மட்டுமே அங்கு இல்லை. எலிசபெத் மறுக்கிறாள். முடிவில் மணம் இசைந்த பின்பும் அவளுடைய குடும்பம் உயர்ந்துவிடவில்லை. அவள் தாயின் வாய் அடங்கவும் இல்லை. மாறியது ஒன்றே. எப்போதும் பிறரை அளந்தே பழகிய டார்சி, தான் கேலி செய்யப்படுதலைக் கற்கத் தொடங்குகிறார். அதையும் ஆஸ்டின் ஒரே அடியில் நிகழ்த்திவிடவில்லை. அவரைக் கேலி செய்ய இன்னும் காலம் கனியவில்லை எனத் தன் நாவை அடக்கிக்கொள்கிறாள் எலிசபெத்.

எனினும் இவ்வினாவை மிக ஆழமாகத் தொட்ட படைப்பு, என் அறிவுக்கு எட்டியவரை, ஒரு நாவல் அன்று. அது கலித்தொகையின் தொண்ணூற்று நான்காம் பாடல், மருதக்கலியைச் சேர்ந்தது, மருதன் இளநாகனார் பாடியது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சிட்டு வெளியிட்டது 1887இல், சித்தி லெப்பையின் நாவல் வெளிவந்த இரண்டாண்டுகளின் பின். அரண்மனைக் குற்றேவல் செய்யும் கூனி ஒருத்தி நடந்து செல்கிறாள். அங்கேயே பணிபுரியும் குறளன் ஒருவன் அவளை வழிமறித்துக் காதல் சொல்கிறான். அவள் அவனுடைய குறுமையை எள்ளுகிறாள். ஆந்தை போன்ற பறவையின் குஞ்சு என்கிறாள். அவன் அவளுடைய வளைவைக் கலப்பைக்கு ஒப்பிடுகிறான். முன்புறம் தழுவினால் கூன் உறுத்தும், பின்புறம் தழுவினால் கிச்சுக்கிச்சு மூட்டும் எனத் தன் சிக்கலை விளக்குகிறான். அதற்கு அவள், உழுந்தளவும் பெறாத உன் பிறப்பினும் கூனின் பிறப்பு இழிந்ததோ என்று கேட்கிறாள். ஊரார் அவர்கள்மீது வைத்த அளவுகோலை அவர்களே எடுத்து ஒருவரையொருவர் அடிக்கும் காட்சி இது. மிகக் கொடியது; மிகுந்த நகைச்சுவையும் உடையது.

தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியோராக வைத்தார். ஒத்த அன்பு உயர்ந்தோர்க்கு. ஏவலர்க்கோ ஒருதலையும் பொருந்தாமையும். இவ்விலக்கணத்தை நிறுவுவது போலவே பாடல் தொடங்குகிறது. ஆனால் பாதியில் திசை மாறுகிறது. இனி உன்னை எள்ளேன் என்று அவன் அரசனின் அடியைத் தொட்டு ஆணையிடுகிறான். அவளும் எள்ளலை விடுகிறாள். அவனை இனிய மார்புடையவனே என அழைக்கிறாள். அவர்களுடைய உயரமும் கூனும் முன்போலவே உள்ளன. எவரும் இளவரசராக மாறவில்லை. எள்ளல் நின்றது, அவ்வளவே. பிறப்பிலும் உருவிலும் இல்லாத ஒப்பினை இருவரும் தம் வாய்ச்சொல்லால் உண்டாக்கிக்கொண்டனர்.

பாடல் அத்துடன் முடிந்திருந்தால் நல்ல நகைச்சுவை என்று பாராட்டிவிட்டு அகன்றிருப்பேன். அதன்பின் அவர்கள் மற்றொன்றையும் வேண்டுகின்றனர். அரண்மனைக்குள் தழுவினால், பேயும் பேயும் கூடிக் குதிக்கின்றன எனக் கண்டோர் நகைப்பர். அவர் நகையாதிருக்க, நாம் சோலைக்குப் போவோம் என்கின்றனர். அவ்வரியை அடையும் வரை நகைத்துக்கொண்டிருந்த கண்டோர் யார்? கலப்பைக்கும் கிச்சுக்கிச்சுக்கும் வாய்விட்டுச் சிரித்தவர் யார்? நாம்தாம். புலவர் நம்மைச் சிரிக்கவைத்து, அச்சிரிப்புக் கேட்கும் தொலைவிலிருந்து தம் மாந்தரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். மெய்ப்பாடு எட்டனுள் முதலில் வைக்கப்பட்டது நகை. இறுதியில் வைக்கப்பட்டது உவகை. முதலாவது நமக்குக் கிடைத்தது. இறுதியானது அவர்களுக்கே உரியதாயிற்று. சோலைக்குள் நமக்கு இடமில்லை.

பொருந்தாத இணையைக் கண்டு நகைப்பது அறமா என்ற வினாவுக்கு யான் காணும் விடை இப்பாடலின் நடுவில் உள்ளது. கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளும் காலம்வரை இருவர்க்கும் சமமாக அடி விழுகிறது. சமமாகத் திருப்பிக் கொடுக்கவும் வாய் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க இயலாதவரிடம் செல்லும் நகை மட்டுமே கொடுமையாகிறது. ஆகவே இவ்வகை நாவல் எதனைக் கையிலெடுத்தாலும் யான் முதலில் தேடுவது, கேலிக்கு ஆளானவருக்கு ஆசிரியர் பேச்சுக் கொடுத்தாரா என்பதையே. பேருந்து நிலையத்தில் நின்ற நெடிய ஆசிரியைக்கு அந்நாவலாசிரியர் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. ராத்தா கேட்டதன் பொருள் அதுவே.

ஈண்டு ஒரு தடையையும் கூறாதுவிடின் யான் நேர்மையற்றவனாவேன். குறளன் கூனியை வழிமறித்தே காதல் சொன்னான். வழிமறித்தலையும் விடாது பின்தொடர்தலையும் காதலின் அழகாகக் காட்டி, பெண்ணின் ‘மாட்டேன்’ என்பதைத் தாமதித்த ‘ஆம்’ ஆகவே கொள்வது இவ்வகை நாவல்களின் பெருங்குற்றம். ஸஹீஹுல் புகாரியில் வரும் பரீரா, முகீது ஆகியோரின் செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. பரீரா விடுதலை பெற்ற அடிமைப்பெண். கணவர் முகீது இன்னும் அடிமை. விடுதலையானதும் அவரைப் பிரிய விரும்பினார் பரீரா. முகீது மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னே சென்றார். இன்றைய நாவலாசிரியர் கையில் இது கிடைத்தால் மூன்றாம் தெருவில் அவளை மனமிரங்கச் செய்துவிடுவார். நடந்தது அதுவன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகீதின் அன்பையும் பரீராவின் வெறுப்பையும் கண்டு வியந்து, அவரிடம் திரும்பிச் செல்லலாமே எனப் பரிந்துரைத்தார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரையே என்றார்கள். அவ்வாறாயின் எனக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. அத்துடன் அது முடிந்தது. கூனி ‘ஆம்’ என்றதற்கு மதிப்பு உண்டாவது, பரீராவைப்போல் அவளும் ‘வேண்டாம்’ என்றிருக்கக்கூடும் என்பதாலேயே.

பல்கலைக்கழகத்து முதலாண்டு விடுமுறையில் ஊர் திரும்பியபோது, அந்த ராத்தாவைத் தேடிச் சென்று கலித்தொகைக் கதையைச் சொன்னேன். கடனைத் தீர்ப்பது போன்ற ஓர் எண்ணம். அவர் அப்போதும் நூல் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். கிச்சுக்கிச்சு மூட்டும் இடத்தில் கண்ணில் நீர்வரச் சிரித்தார். “அவவும் நல்லாத்தான் குடுத்திருக்கா” என்றார். அவர்கள் ஆணையிட்டதையும் சோலைக்குப் போனதையும் சொல்லி முடித்தேன். அவர் சிறிது நேரம் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதுக்குப் பொறகு ஆர்ர வூட்டுல இருந்தாங்க மகன்?” என்று கேட்டார்.

கலித்தொகையில் அதற்கு விடை இல்லை என்றேன்.